தெரிந்த சொல்தான் ஏமாற்றும்: பழைய ஆங்கில இலக்கியத்தைப் பொருள் பிசகாமல் படிக்க முழுமையான வழிகாட்டி

ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவல் 1815ஆம் ஆண்டின் கடைசியில் வெளிவந்தது. அதில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்து வீடு திரும்பும் குதிரை வண்டிக்குள் எம்மாவும் பாதிரியார் எல்ட்டனும் தனியாக இருக்கிறார்கள். வண்டி நகர்ந்ததுமே எல்ட்டன் அவள் கையைப் பற்றிக்கொண்டு 'மேக்கிங் வயலன்ட் லவ்' என்ற காரியத்தில் இறங்கிவிட்டார் என்று எழுதுகிறார் ஆஸ்டின். இன்றைய ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இந்த இடத்தில் பகீரென்கும். அங்கே நடந்தது இவ்வளவுதான்: அந்த மனிதர் உணர்ச்சி பொங்கக் காதலைச் சொல்லித் திருமணத்துக்குச் சம்மதம் கேட்டார். விருந்தில் குடித்த ஒயின் அதற்குத் துணிவு கொடுத்திருந்தது. 'மேக் லவ்' என்றால் அன்று காதல் மொழி பேசுவது. 'வயலன்ட்' என்றால் தீவிரமான, ஆவேசமான.

பழைய நூல்களைப் படிக்கும்போது முன்பின் பார்த்திராத சொற்களுக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வீண். தெரியாத சொல் வந்தால் கை தானாக அகராதிக்குப் போய்விடும். நன்றாகத் தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போகிற சொல்லில்தான் ஆபத்து. தமிழிலும் இதே கதைதான். திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தின் பெயர் 'கண்ணோட்டம்'. இன்றைய செய்தித்தாள் பொருளில் அதைப் 'பார்வைக் கோணம்' என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பத்துக் குறளும் புரியாது. வள்ளுவர் அங்கே சொல்வது இரக்கத்தை, தாட்சண்யத்தை. அகராதியைத் திறக்க வேண்டிய இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

முதல் படி: ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

பேச்சுவாக்கில் ஷேக்ஸ்பியரையே 'பழைய ஆங்கிலம்' என்று சொல்லிவிடுகிறோம். மொழியியலில் அந்தப் பெயர் 'பேவுல்ஃப்' காப்பியத்தின் காலத்து மொழிக்கு, அதாவது சுமார் 1100க்கு முந்தியதற்கு உரியது. அதை ஒரு தனி மொழியாகவே கற்க வேண்டும். 1400இல் இறந்த கவிஞர் சாசரின் மொழி இடைக்கால ஆங்கிலம். நல்ல அடிக்குறிப்புகள் இருந்தால் தட்டுத் தடுமாறிப் படிக்கலாம். ஷேக்ஸ்பியரும் 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளும் நவீன ஆங்கிலத்தின் தொடக்க நிலை. ஆஸ்டினும் டிக்கன்ஸும் எழுதியது ஏறக்குறைய நம் ஆங்கிலமேதான். கடைசி இரண்டு வகைக்கானவை இங்கே வரும் படிகள்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதற்கு 'பிரசன்ட்லி' என்ற சொல் போதும். ஷேக்ஸ்பியரில் அது பெரும்பாலும் 'உடனே'. ஆஸ்டினில் 'சற்று நேரத்தில்'. இன்று இந்திய அலுவலகக் கடிதங்களில் 'தற்போது'. 'பை அண்ட் பை', 'அனான்' ஆகியவையும் ஒரு காலத்தில் 'உடனே' என்று பொருள்பட்டுப் பிறகு 'அப்புறம்' ஆனவை. இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு மனிதர்கள் தாமதிக்கத் தாமதிக்கச் சொல்லும் அவர்களோடு சேர்ந்து சோம்பேறியாகிவிடுகிறது.

கதை நடக்கும் காலத்தையும் கதை எழுதப்பட்ட காலத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வால்டர் ஸ்காட்டின் 'ஐவன்ஹோ' 12ஆம் நூற்றாண்டில் நடக்கிறது, எழுதப்பட்டது 1819இல். அதில் வீரர்கள் பேசும் பழங்கால ஆங்கிலம் எந்த நூற்றாண்டிலும் யாரும் பேசியதில்லை. ஸ்காட் தம் வாசகர்களுக்காகச் செய்து கொடுத்தது. அங்கே 12ஆம் நூற்றாண்டுப் பொருளைத் தேடினால் வழி தவறும்.

இணையத்தில் கிடைக்கும் பழைய அச்சுப் பிரதிகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை, சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்தை நீளமாக, 'எஃப்' போலவே அச்சிட்டார்கள். இந்த ஒன்றை மறந்தால் பல வரிகள் விபரீதமாகத் தெரியும். அடுத்தது, பழைய கடைப் பலகைகளைப் போல எழுதப்படும் 'யீ ஓல்ட்'. அந்த முதல் எழுத்து உண்மையில் 'ஒய்' அல்ல. 'த' ஒலிக்கென்று இருந்து வழக்கொழிந்த 'தார்ன்' என்ற எழுத்தின் இடத்தில் அச்சுக்காரர்கள் போட்ட மாற்று. 'தி' என்றே படிக்க வேண்டும்.

இரண்டாம் படி: இலக்கணத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்

ஷேக்ஸ்பியர் கடினம் என்று சொல்பவர்களில் பாதிப் பேரை மிரட்டுவது 'தௌ', 'தீ', 'தை' என்பவைதான். ஒரு மாலையில் முடித்துவிடக்கூடிய பாடம் இது. 'தௌ' என்றால் நீ, 'தீ' உன்னை, 'தை', 'தைன்' இரண்டும் உன், உன்னுடைய. இவற்றோடு வரும் வினை 'எஸ்ட்' அல்லது 'டி' என்று முடியும்: 'தௌ ஆர்ட்', 'தௌ ஹாஸ்ட்', 'தௌ நோயஸ்ட்'. அவன், அவள், அது ஆகியவற்றுக்கு 'எத்' விகுதி: 'ஹாத்', 'டத்', 'செத்'. இன்று அந்த இடத்தில் 'எஸ்' போடுகிறோம், வேறு வித்தியாசமில்லை.

ஆனால் 'தௌ' வெறும் பழைய வடிவம் என்று நினைத்துவிட்டால் நாடகத்தில் பாதி போய்விடும். அது 'நீ', 'யூ' என்பது 'நீங்கள்'. இன்றைய ஆங்கிலேய மாணவருக்கு இதை விளக்க ஆசிரியர் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு ஒரு வரி போதும், ஏனென்றால் மரியாதையும் நெருக்கமும் கோபமும் நம் பேச்சிலும் இந்த ஒரு மாற்றத்தில்தான் வெளிப்படுகின்றன. 'கிங் லியர்' முதல் காட்சியில், அதுவரை அரசனுக்குரிய மரியாதையோடு பேசிவந்த கென்ட் பிரபு, லியர் கடைசி மகளை ஒதுக்கும் அநியாயத்தைப் பொறுக்காமல், 'கிழவா, நீ என்ன செய்யப்போகிறாய்' என்ற தொனிக்கு 'தௌ' போட்டு இறங்கிவிடுகிறார். அரசவையில் அரசனை ஒருமையில் கூப்பிட்டது அன்றைய பார்வையாளரின் முதுகுத்தண்டைச் சில்லிட வைத்திருக்கும். 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் சர் டோபி, எதிரிக்குச் சவால் கடிதம் எழுதும் நண்பனிடம், அவனை மூன்று முறை 'தௌ' போட்டு எழுது, தப்பில்லை என்று யோசனை சொல்கிறார். நாடகத்துக்கு வெளியிலும் இப்படித்தான்: 1603இல் வால்டர் ராலேயின் மீது நடந்த தேசத்துரோக வழக்கில், அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று விளித்து அவமதித்தார்.

நம் ஒருமை பன்மைக் கணக்கை அப்படியே பொருத்திவிடவும் வேண்டாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த வழக்கு ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்தது; காரணமே இல்லாமல் இரண்டும் மாறி மாறி வரும் இடங்கள் உண்டு. கடவுளை 'தௌ' என்பது நெருக்கம். நம் பக்திப் பாடல்கள் இறைவனை 'நீ' என்பதைப் போலவே. ஒரு கதாபாத்திரம் இன்னொருவரிடம் எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே படியுங்கள். மாற்றம் நிகழும் வரியில் பெரும்பாலும் ஏதோ ஒன்று உடைகிறது.

இன்னொரு தொகுதி: 'ஹிதர், திதர், விதர்' (இங்கே, அங்கே, எங்கே என்று போகும் திசை), 'ஹென்ஸ், தென்ஸ், வென்ஸ்' (இங்கிருந்து, அங்கிருந்து, எங்கிருந்து). தமிழின் இ, அ, எ என்ற மூன்றெழுத்து வரிசைதான் இது. முதல் ஒலியைப் பிடித்துக்கொண்டால் ஆறு சொற்களும் ஒரே நேரத்தில் வசப்படும். 'வேர்ஃபோர்' மட்டும் இதில் சேராது. அதற்கு இணை 'தேர்ஃபோர்': ஒன்று 'ஆகையால்', மற்றது 'எதனால்'. மாடத்தில் நிற்கும் ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்கும்போது அவள் காதலனைத் தேடவில்லை. பகை வீட்டுப் பெயரான ரோமியோவாக நீ ஏன் இருக்க வேண்டும் என்று நொந்துகொள்கிறாள். உன் தந்தையை மறு, உன் பெயரைத் துற என்று அடுத்த வரி தொடர்வது அதனால்தான்.

மூன்றாம் படி: சந்தேகப்படப் பழகுங்கள்

வழிகாட்டியின் நடுநாயகமான படி இது. தெரிந்த சொல் பொருள் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பதை எப்படிக் கண்டுகொள்வது? சில அடையாளங்கள் உண்டு.

முதலாவது, வாக்கிய அமைப்பு இடிக்கும். ஹாம்லெட் தன் தந்தையின் ஆவி நடமாடுவதைக் கேள்விப்பட்டதும் 'ஐ டவுட் சம் ஃபௌல் ப்ளே' என்கிறான். இன்றைய ஆங்கிலத்தில் 'டவுட்' என்றால் அப்படி இருக்காது என்று நினைப்பது. அந்தப் பொருளை வைத்தால் சூது எதுவும் நடந்திருக்காது என்று ஹாம்லெட் சொல்வதாக ஆகி, நாடகமே தலைகீழாகிவிடும். அவன் சொல்வது: ஏதோ சூது நடந்திருக்கிறதென்று சந்தேகப்படுகிறேன். தமிழில் 'சந்தேகம்' இன்றும் இரண்டு பக்கமும் வேலை செய்வதால் நமக்கு இது எளிதாகவே பிடிபடும். அதே ஹாம்லெட் ஒஃபீலியாவுக்கு எழுதிய நான்கு வரிக் கவிதையில் 'டவுட்' நான்கு முறை வருகிறது. விண்மீன்கள் நெருப்பு என்பதையும் சூரியன் நகர்கிறது என்பதையும் நம்பாமல் போ என்று தொடங்கும் முதல் இரண்டு வரியில் அது அவநம்பிக்கை. 'உண்மையே பொய்யனோ என்று ஐயுறு' என்ற மூன்றாவது வரியில் ஹாம்லெட் முன்பு சொன்ன அதே சந்தேகம். மூன்றாவது வரியில் வாக்கிய அமைப்பு மாறுவதைக் கவனித்தவருக்குத்தான் இது தெரியும்.

'லெட்' இன்னும் வேடிக்கை. தன்னைத் தடுக்கும் நண்பர்களிடம் ஹாம்லெட், என்னை 'லெட்' செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்று உறுமுகிறான். அனுமதிப்பவனையா கொல்லப்போகிறான்? ஒலியால் ஒன்றான இரண்டு தனித்தனிச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தன. ஒன்று அனுமதி, மற்றது தடை. தடைப் பொருள் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உங்கள் இந்தியக் கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்: இதை வைத்திருப்பவரை 'லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' இல்லாமல் போகவிடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டிருக்கும். டென்னிஸில் பந்து வலையில் பட்டு விழுந்தால் சொல்லும் 'லெட்' என்பதையும் இதே தடைச் சொல்லோடு சேர்த்துத்தான் பொதுவாக விளக்குகிறார்கள்.

இரண்டாவது அடையாளம், புகழும் இடத்தில் இகழ்ச்சி தெரிவது. ஆஸ்டினின் 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலில் வரும் பாதிரியார் காலின்ஸ், தமக்குப் பதவி தந்த கேதரின் சீமாட்டியின் 'கான்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் பாராட்டுகிறார். இன்று அந்தச் சொல்லுக்கு மேட்டிமைத்தனத்தோடு பிறரை மட்டம் தட்டிப் பேசுவது என்று பொருள். அன்று அது நற்குணம்: உயர்ந்த நிலையில் இருப்பவர் தம் தகுதி பாராமல் இறங்கிவந்து பழகுவது. காலின்ஸ் மனமாரத்தான் புகழ்கிறார். அந்தச் சீமாட்டி உண்மையில் எப்படிப்பட்டவர் என்று நாம் பார்த்த பிறகு நகைச்சுவை தானாக வருகிறது.

அதே நாவலில் எலிசபெத் தன் அக்கா ஜேனிடம், பகட்டில்லாமல் 'கேண்டிட்' ஆக இருப்பது உனக்கு மட்டுமே கைவந்தது என்கிறாள். மனதில் பட்டதைப் போட்டு உடைப்பவள் என்று எடுத்துக்கொண்டால் ஜேனின் குணமே தலைகீழாகிவிடும். யாரைப் பற்றியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத பெண் அவள். எலிசபெத்தே அடுத்து விளக்கிவிடுகிறாள்: எல்லோரிடமும் உள்ள நல்லதை எடுத்துக்கொண்டு, அதை மேலும் நல்லதாக்கி, கெட்டதைப் பேசாமல் விடுவது. அதுதான் அன்றைய 'கேண்டிட்'. நல்ல எழுத்தாளர்கள் பல சமயம் சொல்லின் பொருளைப் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். அகராதிக்கு ஓடும் முன் முன்னும் பின்னும் இரண்டு வாக்கியம் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, பொருள் காலத்துக்கோ இடத்துக்கோ ஒவ்வாமல் நிற்பது. அலெக்சாண்டர் போப்பின் கவிதையில் அழகி பெலிண்டா காலையில் வந்து உட்காரும் 'டாய்லெட்' ஒப்பனை மேசை. கீட்ஸின் இராக்குயில் கவிதையில் ரூத் கண்ணீரோடு நிற்பது அந்நிய நாட்டுக் 'கார்ன்' நடுவில். மக்காச்சோளக் கொல்லையைக் கற்பனை செய்துகொள்பவர்கள் உண்டு. மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த பயிர். பைபிள் காலத்து ரூத் அதைக் கண்டிருக்கவே முடியாது. அவள் கதிர் பொறுக்கியது வாற்கோதுமையும் கோதுமையும் விளைந்த வயலில். பிரிட்டனில் 'கார்ன்' என்பது தானியத்துக்குப் பொதுப் பெயர்.

எந்த அடையாளமும் காட்டாமல், இரண்டு பொருளிலும் வாக்கியம் அழகாக ஓடும் இடங்களும் இருக்கின்றன. அவைதான் மிகக் கடினம். 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் மிராண்டா வியக்கும் 'ப்ரேவ் நியூ வேர்ல்ட்' வீரம் மிக்க உலகம் அல்ல, எழிலான உலகம். லியர் தன்னை 'ஃபாண்ட்' கிழவன் என்பது பாசமானவன் என்பதற்காக அல்ல. அறிவு மங்கியவன் என்பதற்காக. 'சாட்' பல இடங்களில் தீவிரமான முகம். 'ஸ்டில்' எப்போதும். 'டிஸ்கவர்' வெளிப்படுத்து. 'சென்சிபிள்' ஆஸ்டினில் அடிக்கடி 'உணர்ந்திருக்கிற'. 'பதெட்டிக்' மனதை உருக்குவது. 'ஆஃபுல்' பயபக்தியை எழுப்புவது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் 'க்வியர்', 'சிங்குலர்' இரண்டும் விசித்திரமான. 'நைஸ்' என்ற சொல் இடைக்காலத்தில் முட்டாள்தனமான என்று தொடங்கி, அற்பமான, நுணுக்கமான என்றெல்லாம் சுற்றி, ஆஸ்டின் காலத்தில் எதற்கும் ஒட்டும் சொல்லாகிவிட்டது. அவருடைய 'நார்த்தேங்கர் அபி' நாவலில் ஹென்றி டில்னி இதைக் கிண்டலடிக்கிறான். இந்த வகைச் சொற்களுக்குச் சொந்தமாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. அகர வரிசையில் எழுதாதீர்கள். எழுத்தாளர் வாரியாக எழுதுங்கள். ஒருவருக்கு வாய்த்த பொருள் இன்னொருவருக்குப் பொருந்தாது.

நான்காம் படி: எந்த அகராதி, எப்படி

கைப்பேசியில் சொல்லைத் தொட்டால் எழும் அகராதி பெரும்பாலும் இன்றைய பொருளையே முதலில் காட்டும். பழைய நூலுக்கு அதைத் தனியாக நம்புவது தெரியாத ஊரில் சின்னப் பிள்ளையிடம் வழி கேட்பது போல. மெரியம்-வெப்ஸ்டர் அகராதி பொருள்களைத் தோன்றிய காலவரிசையில் அடுக்குகிறது. முதலில் இருப்பதுதான் முக்கியப் பொருள் என்று பலரும் எண்ணுகிறார்கள். அங்கே அது மிகப் பழைய பொருள், அவ்வளவே.

சொல்லின் வரலாற்றுக்கு இறுதித் தீர்ப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1857இல் எழுந்த திட்டம். முதல் பகுதி 1884இல் வந்தது, முழுமை பெற்றது 1928இல். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு குறித்த மேற்கோள்கள் வரிசையாக இருக்கும். விளக்கத்தைப் படிப்பதற்கு முன் அந்த ஆண்டுகளைப் பாருங்கள். உங்கள் நூல் 1813 என்றால், 1650க்குப் பிறகு மேற்கோளே இல்லாத பொருளையும், முதல் மேற்கோள் 1880 என்று தொடங்கும் பொருளையும் தள்ளிவிடலாம். எஞ்சுவது ஒன்றிரண்டுதான். இன்றைய இணையப் பதிப்புக்குச் சந்தா வேண்டும். முதல் பதிப்பின் தொகுதிகள் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன.

18ஆம் நூற்றாண்டு நூல்களுக்கும் ஆஸ்டினுக்கும் சாமுவேல் ஜான்சனின் 1755 அகராதியைப் போன்ற துணை இல்லை. 'கேண்டிட்' என்பதன் பெயர்ச்சொல்லான 'கேண்டர்' என்பதற்கு அவர் மன இனிமை, தூய்மை, கனிவு என்றெல்லாம் பொருள் தருகிறார். ஜேன் பென்னட் அங்கேயே தெரிகிறாள். ஷேக்ஸ்பியருக்கு அலெக்சாண்டர் ஷ்மிட் 1874-75இல் தொகுத்த சொல்லடைவு இலவசம். டேவிட் கிரிஸ்டலும் பென் கிரிஸ்டலும் 2002இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் சொல் அகராதி புதியவர்களுக்கு எளிது. ஆர்டன், ஃபோல்ஜர் பதிப்புகளின் குறிப்புகளும் நல்லவை. நாடகத்தை இன்றைய ஆங்கிலத்தில் பெயர்த்துப் பக்கத்தில் போடும் பதிப்புகள் நிறைய உள்ளன. அவற்றை முதலில் படித்தால் மூலத்தைப் படிக்கும் ஆசையே போய்விடும் என்பது என் கருத்து; ஒரு காட்சியை முடித்த பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம்.

அகராதியும் கைவிட்டால் ஒரு உத்தி இருக்கிறது. உரிமைக்காலம் முடிந்த நூல்களின் முழு உரையும் குட்டன்பர்க் போன்ற தளங்களில் கிடைக்கிறது. அதை இறக்கி, ஐயத்துக்குரிய சொல்லை நாவல் முழுதும் தேடி, வருகிற வாக்கியங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஐந்தாறு வாக்கியங்களை அடுக்கியதும் அந்த எழுத்தாளர் அந்தச் சொல்லை எப்படிக் கையாள்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: தமிழ் பைபிளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்

இது மதம் சம்பந்தப்பட்ட யோசனை அல்ல. ஆங்கில இலக்கியம் முழுவதிலும் கிங் ஜேம்ஸ் பைபிளின் தொடர்கள் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் வாசகருக்குக் கையெட்டும் தூரத்தில், வசனத்துக்கு வசனம் எண்ணிட்ட தமிழ்ப் பிரதி இருக்கிறது. 1611இன் பழஞ்சொல்லுக்கு அதைவிட விரைவான உரை எங்கும் கிடைக்காது.

மாற்கு 10:14இல் இயேசு சிறு பிள்ளைகளை 'சஃபர்' செய்யுங்கள் என்கிறார். துன்பப்படச் சொல்கிறாரா? தமிழ்: 'வருகிறதற்கு இடங்கொடுங்கள்'. 'சஃபர்' அங்கே 'அனுமதி'. ஆதியாகமம் 1:29இல் செடிகளும் கனிகளும் மனிதனுக்கு 'மீட்' ஆகக் கொடுக்கப்படுகின்றன. புலால் எங்கிருந்து வந்தது என்று விழிக்க வேண்டாம், தமிழில் 'ஆகாரம்'. முதலாம் தெசலோனிக்கேயர் 4:15இல் உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களைப் 'பிரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்று வருவது தமிழில் 'முந்திக்கொள்வதில்லை'. முந்திப் போவது என்ற அதன் லத்தீன் வேரின் பொருள் அப்போது உயிரோடிருந்தது. 'க்விக் அண்ட் தி டெட்' என்ற தொடரில் 'க்விக்' வேகமானவர்கள் அல்ல, 'உயிரோடிருக்கிறவர்கள்'. நகத்தை ஒட்டிய, தொட்டால் வலிக்கும் உயிர்ச் சதைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அந்தப் பெயர்தான்.

ஆறாம் படி: சொல்லுக்குப் பின்னால் இருக்கும் பொருளைத் தேடுங்கள்

சில சொற்களின் பொருள் மாறவில்லை. அவை சுட்டிய விஷயம்தான் உலகிலிருந்து போய்விட்டது. பணம் முதலில். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி. இந்தக் கணக்கு 1971 வரை நடப்பில் இருந்தது. 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாயகன் டார்சியின் 'பத்தாயிரம்' சொத்து மதிப்பு அல்ல, ஆண்டு வருமானம். அதை இன்றைய ரூபாய்க்கு மாற்ற முயல்வது பயனற்ற வேலை. நாவலுக்குள்ளேயே ஒப்பிடுங்கள்: எலிசபெத்தின் தந்தைக்கு ஆண்டுக்கு 2,000. அளவு புரிந்துவிடும்.

உறவும் பதவியும் அடுத்து. 'மிஸ் பென்னட்' என்று பெயர் சேர்க்காமல் சொன்னால் அது மூத்த மகளை மட்டும் குறிக்கும். தங்கைகளுக்குப் பெயர் சேர்த்து 'மிஸ் எலிசபெத்'. காலின்ஸுக்குக் கிடைத்த 'லிவிங்' என்பது பிழைப்பு அல்ல. ஒரு திருச்சபைப் பதவியும் அதனோடு சேர்ந்த வருமானமும்.

உடலைப் பற்றிய சொற்களில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'ஹ்யூமர்' என்பது ஷேக்ஸ்பியர் காலத்தில் நகைச்சுவை அல்ல. உடலில் ஓடுவதாகக் கருதப்பட்ட நான்கு நீர்களில் ஒன்று. இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவற்றின் விகிதம் குணத்தைத் தீர்மானிக்கும் என்று நம்பினார்கள். 'மெலன்கலி' கரும்பித்தம் மிகுந்தவனின் சோர்வு, 'காலர்' மஞ்சள் பித்தம் மிகுந்தவனின் கோபம். வாத, பித்த, கபம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பித்தம் தலைக்கேறியது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, இதில் வியக்க என்ன இருக்கிறது?

டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' தொடக்கத்தில், சிறுவன் பிப்பை அக்கா 'கையால்' வளர்த்தாள் என்று ஊரே மெச்சுகிறது. தாய்ப்பால் இல்லாமல் புட்டியாலோ கரண்டியாலோ ஊட்டி வளர்ப்பதற்கு அன்று அந்தப் பெயர். அக்காவின் கை எவ்வளவு கனமானது என்பதைத் தினமும் முதுகில் உணரும் பிப், அந்தத் தொடருக்குத் தானே ஒரு பொருள் கண்டுபிடித்துக்கொள்கிறான். பழைய வழக்கை அறியாதவர் சிரிப்பின் ஒரு பாதியை இழக்கிறார்.

ஆங்கிலேய வாசகருக்கு அடிக்குறிப்பு தேவைப்பட்டு, நமக்குத் தேவைப்படாத இடங்களும் இருக்கின்றன. தாக்கரேயின் 'வேனிட்டி ஃபேர்' நாவலில் ஜாஸ் செட்லி இந்தியாவில் 'கலெக்டர்' என்று வருகிறது. லண்டன் மாணவருக்கு அது எதையோ சேகரிப்பவர். நம்மூரில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் பாப் சாயர் வண்டியின் 'டிக்கி'யில் உட்காராமல் கூரைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ரகளை செய்கிறார். பின்னாலுள்ள அந்த வேலைக்காரர் இருக்கையின் பெயர் நம் கார்களின் பின்புறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் ஏறிய சொற்கள் நிறைந்திருக்கும். மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆன கதையும் சுருட்டு 'ஷெரூட்' ஆன கதையும் அதில் உண்டு.

ஏழாம் படி: புரியாத எழுத்துக்கூட்டலை வாய்விட்டுப் படியுங்கள்

'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், கல்லறைத் தோட்டத்தில் தப்பியோடி வந்த கைதி, பிப்பிடம் 'விட்டில்ஸ்' கேட்கிறான். எந்தச் சாதாரண அகராதியிலும் அகப்படாது. 'விக்டுவல்ஸ்' என்று எழுதி 'விட்டல்ஸ்' என்று உச்சரிக்கும் உணவுச் சொல்லின் 'வி' ஒலியை, லண்டன் பாமரர் 'டபிள்யூ' ஆக்கிப் பேசியதை டிக்கன்ஸ் அப்படியே எழுதியிருக்கிறார். உரக்கப் படித்தால் பாதி அவிழும். எமிலி பிரான்டியின் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலின் வேலைக்காரர் ஜோசப்பின் யார்க்‌ஷயர் பேச்சு அவ்வளவு எளிதில் அவிழாது. ஆங்கிலேயர்களுக்கே புரியவில்லை என்று, எமிலி இறந்தபின் 1850இல் வந்த பதிப்பில் அக்கா ஷார்லட் அதை எளிமைப்படுத்தினார். ஜோசப்பைக் குறிப்புகளின் உதவியோடு கடந்து போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டாம் படி: ஒரு பக்கத்தில் செய்து பாருங்கள்

1813இல் வந்த 'ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல 'ஃபார்ச்சூன்' உடைய மணமாகாத ஆணுக்கு மனைவி 'வான்ட்' என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று முதல் வாக்கியம். 'ஃபார்ச்சூன்' இங்கே அதிர்ஷ்டம் அல்ல, செல்வம். 'இன் வான்ட் ஆஃப்' என்றால் இல்லாத குறை, விரும்புகிறான் என்பதல்ல. அவனுக்கு ஆசை இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, குறை இருப்பதாக ஊர் முடிவு செய்துவிட்டது. அடுத்த வாக்கியம் அதை உறுதி செய்கிறது: அவன் எந்த எண்ணத்தோடு வந்திருந்தாலும் சரி, சுற்றுவட்டாரக் குடும்பங்கள் அவனைத் தங்கள் பெண்களில் ஒருத்திக்கு உரிய சொத்தாகவே கருதுகின்றன.

பிறகு திருமதி பென்னட், நெதர்ஃபீல்டு மாளிகை கடைசியில் 'லெட்' ஆகிவிட்டது என்கிறார். அனுமதியும் இல்லை, தடையும் இல்லை, வாடகைக்குப் போய்விட்டது. புதியவர் 'ஷேஸ் அண்ட் ஃபோர்' வண்டியில் வந்து பார்த்தார்: நான்கு குதிரை பூட்டிய வண்டி, எனவே பணக்காரர். 'மிக்கல்மஸ்' நாளுக்கு முன் குடியேறுவார்: செப்டம்பர் 29, வாடகையும் குத்தகையும் கணக்குப் பார்க்கும் காலாண்டு நாட்களில் ஒன்று. நம் பெண்களில் ஒருத்தியை அவர் மணப்பதைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று மனைவி சொல்ல, இங்கே குடியேறுவதில் அவருடைய 'டிசைன்' அதுதானா என்று கணவர் கேட்கிறார். 'டிசைன்' என்றால் உள்நோக்கம். அந்த அம்மாள் அதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டு, என்ன உளறல் என்று கோபித்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் தம் 'நர்வ்ஸ்' மீது கணவருக்கு இரக்கமே இல்லை என்று புலம்புவார். அது நரம்பு என்ற உறுப்பைப் பற்றிய பேச்சு அல்ல. வசதியான வீட்டுப் பெண்மணிகள் அன்று சொல்லிக்கொண்ட படபடப்பு நோய். கணவரின் பதில்: அவை என் பழைய நண்பர்கள் ஆயிற்றே, இருபது வருடமாக நீ அவற்றைப் பற்றிச் சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.